டாக்டர் அறையில் மட்டும் தூக்கிய கைகள்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து போன மாதம் போன் வந்தது. "மேடம், நம்ம டிபார்ட்மெண்டுக்குப் புதுசா ஒரு கேமரா வந்திருக்கு. பேஷண்ட் முன்னாடி நின்னு கையைத் தூக்கினாப் போதும், எத்தனை டிகிரின்னு அதுவே சொல்லிடும். அந்தக் காலத்துல நீங்க எப்படி அளந்தீங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, சுவத்துல மாட்டணும்" என்றார்கள். 'அந்தக் காலம்' என்று அவர்கள் சொன்னது, நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட ஆகாத காலத்தை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தோடு எழுத உட்கார்ந்ததால் ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. சுவரில் மாட்ட முடியாவிட்டால் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அந்த வேலையின் பெயர் எங்கள் நோயாளிகளின் வாயில் நுழையாது. 'கை தூக்கச் சொல்ற டீச்சர்' என்பார்கள். படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மதுரையில் படித்தேன், ஹாஸ்டல் சாம்பாரைச் சாப்பிட்டுப் பிழைத்தேன், எலும்புகளின் பெயரைப் பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்தேன். பிறகு வேலைக்கு வந்துதான் உண்மையில் எதையாவது கற்றுக்கொண்டேன்.

எங்கள் தலைமை டாக்டர் பெயர் தணிகாசலம். ஆறடி உயரம், வழுக்கைத் தலை, வாசல்வரை கேட்கும் குரல். மனிதர்களிடம் அவசரமாகப் பேசுவார், எக்ஸ்ரேக்களிடம் கொஞ்சிப் பேசுவார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்னடா ராசா இம்புட்டுத் துண்டாப் போயிட்ட?" என்று கேட்பார். பக்கத்தில் அந்த எலும்புக்குச் சொந்தக்காரர் வலியில் முனகிக்கொண்டிருப்பார். பதினொரு மணிக்கு டீ குடிப்பதற்கு முன்னால் அவரிடம் மறுத்துப் பேசிய யாரும் அந்த ஆஸ்பத்திரியில் நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை.

ஆனால் விளக்கிச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேசை இழுப்பறையில் ஒரு பணியாரச் சட்டி வைத்திருந்தார். வயதானவர்கள் கீழே விழுந்து தோளை உடைத்துக்கொண்டு வந்தால் சட்டி வெளியே வரும், கேண்டீனிலிருந்து ஒரு பணியாரமும் வரும். "இந்தாப் பாருங்க, இந்தக் குழிதான் தோளு. இந்தப் பணியாரம்தான் உங்க கை எலும்போட தலை. நீங்க விழுந்ததுல இப்படி ஆயிருச்சு" என்று பணியாரத்தை ஸ்பூனால் நாலாக உடைப்பார். பிறகு வழிகளைச் சொல்வார். ஒன்று, கையைக் கழுத்தில் தொங்கவிட்டு எலும்பு தானாகச் சேரும்வரை காத்திருப்பது. இரண்டு, துண்டுகளைச் சேர்த்து ப்ளேட் வைத்து ஸ்க்ரூ போடுவது. மூன்று, உடைந்த தலையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு புதுப் பணியாரம் வைப்பது. சொல்லி முடித்ததும் உடைந்த பணியாரத்தை அவரே சாப்பிட்டுவிடுவார்.

நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த சமயத்தில் நாலாவதாக ஒரு வழி கோயம்புத்தூர் வரை வந்திருந்தது. சட்டியை அப்படியே கவிழ்த்துப் போடுவது. அதாவது குழி இருந்த இடத்தில் உலோக உருண்டை, உருண்டை இருந்த இடத்தில் கிண்ணம். தோளுக்குள் இருக்கும் சின்னத் தசைநார்கள் நைந்துபோயிருந்தாலும், வெளியே மேலாக இருக்கும் பெரிய தசை ஒன்றே கையை இழுத்துத் தூக்கிவிடும் என்பது அதன் கணக்கு. டாக்டருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "உருண்டை இருந்த எடத்துல குழியா? நாளைக்கு முழங்காலைக் கொண்டுபோய் முதுகுல வைப்பானுக" என்பார். அவர் மனமெல்லாம் ப்ளேட்டின் மேல்தான். நேர்த்தியாகவும் போடுவார். அவர் போட்ட ப்ளேட்டை எக்ஸ்ரேயில் பார்த்தால் எனக்கே கை தட்டத் தோன்றும்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. அறுவை முடிந்து ஆறு மாதம் கழித்து வருகிறவர்களின் பெயருக்கு எதிரே 'நன்று', 'சுமார்', 'மோசம்' என்று பென்சிலால் எழுதுவார். செவ்வாய்க்கிழமை அதற்கான நாள். வெளியே அறுபது பேர் காத்திருப்பார்கள். கதவைத் திறந்து நோயாளி உள்ளே வருவார், வணக்கம் வைப்பார், டாக்டர் அவருடைய கையைப் பார்ப்பார், எக்ஸ்ரேயைப் பார்ப்பார், "வலி இருக்கா?" என்பார், "இல்லைங்க சாமி" என்பார்கள், 'நன்று' விழும். அந்த நோட்டை வைத்து மதுரையில் நடக்கப்போகும் எலும்பு டாக்டர்கள் கூட்டத்தில், வயதானவர்களின் தோளுக்கு ப்ளேட்டே சிறந்தது என்று பேசப்போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

எனக்கும் அவருக்கும் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அதே நோயாளி என் அறைக்கு வந்தால் கை மேலே போகாது. பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த மாதிரி எங்களிடம் ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் உண்டு. அதை வைத்து அளப்பேன். நெஞ்சு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே கை நின்றுவிடும். சீட்டில் எழுதி, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு அனுப்புவேன். டாக்டர் சீட்டைத் தூக்கிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"ஏம்மா ஸ்டெல்லா, என் ரூம்ல நெத்திக்கு மேல தூக்குறாங்க. உன் ரூம்ல மட்டும் நெஞ்சோட நின்னுருதா? என்னம்மா அளக்குற நீ?"

அளவுகோலை மாற்றிப் பார்த்தேன். வேறு ஆளை விட்டு அளக்கச் சொன்னேன். என் அறை சின்னது, அதனால் பயப்படுகிறார்களோ என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். கடைசியில், குறை நோயாளிகளிடம்தான் என்று முடிவு கட்டினேன். டாக்டரிடம் தூக்கிக் காட்டுகிறவர்கள் என்னிடம் வந்தால் மட்டும் சோம்பேறித்தனம் பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் வாய்விட்டும் சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படித் திட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்படித் திட்டு வாங்கியவர்களில் ஜமீலாம்மா ஒருவர். நாகல் நகர்க்காரர், எழுபது வயது, வீட்டு ஆண்களுக்குத் தோல் வியாபாரம். வலது தோளில் ப்ளேட். ஆறு மாதம் முடிந்து டாக்டர் அறைக்குள் வந்தவர், "அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர்" என்று வலது கையைத் தூக்கினார். கை முகவாய் வரைக்கும்கூட வரவில்லை. பிறகு தலை இறங்கிவந்து கையைத் தொட்டுக்கொண்டது. "வ அலைக்கும் சலாம்மா" என்ற டாக்டரின் முகம் வாடிவிட்டது. நோட்டில் 'சுமார்' விழுந்தது.

அவர் போன பிறகு டாக்டர் நோட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் நெற்றி சுருங்கியது.

"ஏம்மா, ஒண்ணு கவனிச்சியா? நம்ம முஸ்லிம் பேஷண்டுகளுக்கு மட்டும் ப்ளேட்டு சரியா ஒத்துக்க மாட்டேங்குது. எல்லாம் 'சுமார்', 'மோசம்'. மத்தவங்களுக்கு அம்புட்டும் 'நன்று'. சாப்பாட்டுல எதுவும் இருக்குமோ? நீ போய் என்ன சாப்பிடுறாங்கன்னு விசாரிச்சு எழுதிட்டு வா."

மணி பத்தரை. டீ இன்னும் வரவில்லை. அதனால் நான் வாயைத் திறக்காமல் விசாரிக்கப் போனேன். இவ்வளவு பெரிய டாக்டரும் இத்தனை வருட அனுபவமுள்ள நானும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி இது.

ஜமீலாம்மா நான் கேட்டதை முழுதாகக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில இட்லி, மத்தியானம் சோறும் ஒரு வெஞ்சனமும், ராத்திரிக்கு ரெண்டு தோசை. எழுதிக்கிட்டியாம்மா? தெனமும் பிரியாணி அண்டாவுக்குள்ளதான் நாங்க குடியிருக்கோம்னு நெனப்பா ஒங்க டாக்டருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"ஏம்மா, என் கை இதுக்கு மேல வரலை. வரலைன்னுதானே ஆறு மாசமா சொல்றேன்? நீதான் என்னைச் சோம்பேறிங்கிற. நான் எதுக்கும்மா பொய் சொல்லப்போறேன்?" என்றார். சாப்பாட்டு விவரத்தை எழுதிய தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

விடை கிடைத்தது ஒரு ஏணியால். வழக்கமாக நான் டாக்டர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அந்த இடத்தில் மின்விசிறியைக் கழற்ற ஏணி போட்டிருந்தார்கள். அதனால் கதவோரம் நின்றேன். செவ்வாய்க்கிழமை வர முடியாமல் அன்று வந்தவர் சவரிமுத்து சார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், எங்கள் பங்குக் கோயிலில் முன்வரிசைக்காரர், வலது தோளில் ப்ளேட். எதிரில் நின்று பார்த்திருந்தால் இரண்டு கைகளும் சேர்ந்து நெற்றிக்கு மேலே போவது மட்டும்தான் தெரிந்திருக்கும். பக்கவாட்டில் நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது. அவருடைய இடது உள்ளங்கை வலது உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு, அதை அடியிலிருந்து தாங்கி, அப்படியே மேலே ஏற்றிக்கொண்டு போனது. வலது கை சும்மா கூடப் போனது.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "சார், வலது கையை மட்டும் தூக்குங்க." நெஞ்சுக்குக் கீழே நின்றது. "இன்னும் கொஞ்சம்?" முகம் சுளித்தார், கை நகரவில்லை.

"இப்பத்தானே சார் உள்ள அம்புட்டு உசரம் தூக்குனீங்க?"

"உள்ள தூக்குனேனா? நான் டாக்டரைக் கும்பிட்டேம்மா" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை. கும்பிடும்போது நல்ல கை தானாகவே கெட்ட கையைத் தூக்கிவிடுகிறது, அவ்வளவுதான். அதிலும் கை கொடுத்த டாக்டர் என்று நெற்றிக்கு மேலேயே தூக்கிக் கும்பிடுகிறார்கள். என்னை யார் கும்பிடுகிறார்கள்? என் அறைக்கு வந்தால் "வந்துட்டேன் டீச்சர்" என்று ஸ்டூலில் உட்காருவதோடு சரி. அதனால்தான் அங்கே ஏறும் கை இங்கே ஏறவில்லை. சலாம் ஒற்றைக் கையால் சொல்வது, அதில் துணைக்கு ஆள் கிடையாது. டாக்டரின் அறையில் உண்மையான அளவைக் காட்டியவர்கள் ஜமீலாம்மாவைப் போன்றவர்கள் மட்டுமே. அவர்களைத்தான் நான் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? 'உங்கள் நோட்டில் இருப்பதெல்லாம் வணக்கம்தான் சார்' என்றா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்தேன். பூசையில் பாதிப் பிரசங்கம் என் காதில் ஏறவில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது. திங்கட்கிழமை வள்ளியம்மாள் வந்திராவிட்டால் அப்படியே இருந்திருப்பேனோ என்னவோ.

வள்ளியம்மாள் ஆயக்குடிக்காரர். எழுபத்து மூன்று வயது. கொய்யாத் தோப்பில் தனியாக வீடு. தன் மரத்திலிருந்து விழுந்த பழுத்த கொய்யாவையே மிதித்து, வழுக்கி, வலது தோளை நாலு துண்டாக்கிக்கொண்டு வந்திருந்தார். "முப்பது வருசமா தண்ணி ஊத்துனேனுங்க. அதுக்கு இது செஞ்ச மரியாதையைப் பாருங்க" என்றார். வலியிலும் அந்த வாய் ஓயவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் கொஞ்சினார். புதன்கிழமை காலை ப்ளேட் என்று முடிவானது.

கையைக் கட்டிவிடும்போது அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க டீச்சரம்மா, கை மேல தூக்க வந்துருமுங்களா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"தூக்க வரலீன்னா என்ற மகன் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்னு சொல்லிப்போட்டானுங்க. மூணாவது மாடி. சன்னலைத் தொறந்தா இன்னொருத்தர் வீட்டுச் சன்னலுங்க. கொய்யாப்பழத்தை ஃபிரிட்ஜுக்குள்ள வெப்பாங்க. எனக்குத் தொரட்டி புடிச்சுக் கெளையை இழுக்கோணுமுங்க. அது முடிஞ்சா நான் என்ற ஊட்டுல இருந்துக்குவேன்."

மகன் சிவக்குமார் பக்கத்தில்தான் நின்றார். கெட்டவர் இல்லை. "ஒத்தைக் கையோட தோப்புல தனியா எப்படிங்க மேடம் உட்டுட்டுப் போறது? எனக்குத் தூக்கம் வருமுங்களா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அந்தக் கை மேலே எழும்பினால் ஆயக்குடி, எழும்பாவிட்டால் திருப்பூர். நான் சீட்டில் எழுதி வைத்திருந்த அளவுகள் எதுவும் ஆயக்குடி பக்கம் இல்லை.

அன்று மதியமே ப்ளேட் வைத்த ஐந்து பேருக்குப் போன் போட்டு, மறுநாள் காலை எக்ஸ்ரேயோடு வரச் சொன்னேன். ஆறாவதாகப் பாண்டியம்மாவையும் கூப்பிட்டேன். நாகல் நகரில் இட்லிக் கடை வைத்திருப்பவர். அதே மாதிரி தோள் உடைந்து, சர்க்கரை அதிகம் என்று அறுவையே வேண்டாமென்று சொல்லி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு போனவர்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு டீ போனதும் நான் வேலையைத் தொடங்கினேன். செய்தது ஒன்றே ஒன்றுதான். உள்ளே போகும் ஒவ்வொருவருடைய நல்ல கையிலும் பெரிய எக்ஸ்ரே உறையைக் கொடுத்தேன். "இதைக் கீழ வைக்கக் கூடாது, கக்கத்துல இடுக்கக் கூடாது. கையிலயே பிடிச்சுக்கிட்டு டாக்டருக்கு வணக்கம் சொல்லுங்க" என்றேன்.

முதலில் சவரிமுத்து சார் போனார். இடது கையில் உறை. வலது கையைத் தூக்கினார். நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றது. டாக்டர் பென்சிலோடு காத்திருந்தார். கை வரவில்லை. "என்ன சார், ஒடம்புக்கு முடியலையா?" என்றார். அடுத்தவர் வந்தார், அதே கதை. மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதாக ஜமீலாம்மா. அவருக்கு மட்டும் உறையால் எந்த மாற்றமும் இல்லை, போன தடவை சொன்ன அதே சலாம், அதே உயரம். கடைசியில் பாண்டியம்மா. கத்தி படாத தோள். அவருடைய கையும் மற்றவர்கள் கை நின்ற அதே இடத்துக்கு வந்து நின்றது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

டாக்டர் பென்சிலை வைத்தார். "ஏம்மா, நீ என்னமோ பண்ணியிருக்க."

நான் சவரிமுத்து சாரை மறுபடியும் உள்ளே கூப்பிட்டு, கையிலிருந்த உறையை வாங்கிக்கொண்டேன். "சார், இப்ப டாக்டருக்கு வணக்கம் வைங்க." இரண்டு கைகளும் ஜம்மென்று நெற்றிக்கு மேலே போயின. உறையைத் திருப்பிக் கொடுத்தேன். கை நெஞ்சோடு நின்றது. ஹெட்மாஸ்டருக்கே அப்போதுதான் விஷயம் புரிந்து, தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் நோட்டை மூடினார். நான் என் அறைக்கு வந்து, வேலை போனால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு நோட்டோடு அவரே வந்தார். அத்தனை வருடத்தில் அவர் என் அறைக்குள் வந்ததே இல்லை. நோயாளி உட்காரும் ஸ்டூலில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார்.

"எப்ப இருந்தும்மா தெரியும்?"

"வெள்ளிக்கிழமைல இருந்து சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நானும் அவங்களைச் சோம்பேறின்னு திட்டிக்கிட்டுதான் சார் இருந்தேன்."

"சரி, அப்ப தப்பு ரெண்டு பேரு மேலயும்தான்" என்றார். "உன் பழைய சீட்டையெல்லாம் எடு. ரப்பரும் குடு." அங்கேயே நோட்டை விரித்து வைத்து, நான் அளவு சொல்லச் சொல்ல, ஒவ்வொரு 'நன்றை'யும் அவரே அழித்தார். பென்சிலால் எழுதும் பழக்கம் அன்று உதவியது. பாண்டியம்மா பெயரை அவரே புதிதாகச் சேர்த்து எழுதினார். அன்றுதான் எனக்கு அவர்மேல் உண்மையான மரியாதை வந்தது.

புதன்கிழமை அறுவை தள்ளிப்போடப்பட்டது. வள்ளியம்மாள் முன்னால் பணியாரச் சட்டி வந்தது. இந்தத் தடவை டாக்டர் பணியாரத்தைச் சாப்பிடவில்லை.

"ப்ளேட் போட்டா எலும்பு சேரும். கை மேல வருமான்னு நேத்து கேட்டிருந்தா வரும்னு சொல்லியிருப்பேன். இன்னைக்குச் சொல்ல மாட்டேன். சும்மா விட்டாலும் வலி போயிரும், கை நெஞ்சுவரை வரும். கத்தி வேண்டாம்னா அதுவும் நல்ல வழிதான். மூணாவது, சட்டியைக் கவுத்துப் போடுறது. இதை நான் செஞ்சதில்லை. செய்யத் தெரிஞ்சவனைக் கோயமுத்தூர்ல இருந்து கூப்பிட்டுப் பக்கத்துல நிப்பேன். கை மேல வர்றதுக்கு இதுல வாய்ப்பு அதிகம். ஆனா கழண்டுக்கலாம், சீழ் பிடிக்கலாம். முதுகுப் பக்கம் கை போகாது, முதுகைச் சொறியக்கூட முடியாது."

வள்ளியம்மாள் கவிழ்ந்து கிடந்த சட்டியை இடது கையால் தடவிப் பார்த்தார். "முதுகு சொறிய எனக்கு வேப்பங்குச்சி இருக்குதுங்க. நீங்க கவுத்தே போடுங்க."

கோயம்புத்தூர் டாக்டர் இவருக்குக் கல்லூரியில் ஜூனியர். அவருக்கு உதவியாளாகப் பக்கத்தில் நின்று, அவர் கேட்ட கருவியை எடுத்துக் கொடுத்தாராம் எங்கள் டாக்டர். தியேட்டர் நர்ஸ் வந்து சொன்னபோது எங்களில் பாதிப் பேர் நம்பவில்லை. மதுரைக் கூட்டத்துக்கும் போனார், அழித்துத் திருத்திய நோட்டையே படித்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரெண்டு பேரு சிரிச்சாங்க. மத்தவங்க சிரிக்கலை, அவங்கவங்க பேஷண்டு வச்ச வணக்கத்தை நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க" என்றார். நான் ஜமீலாம்மா வீட்டுக்குப் போய், தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொன்னேன். "சரி விடு, உக்காரு" என்றார். சாப்பிடாமல் அனுப்பவில்லை. இட்லிதான்.

வள்ளியம்மாள் பக்கத்து அறை எடுத்துத் தங்காத குறையாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். முதலில் குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி மாதிரி ஆட்டுவது, பிறகு மேசைமேல் துணியால் துடைப்பதுபோல் கையை முன்னும் பின்னும் தள்ளுவது, அப்புறம் சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஏற்றுவது. ஏறிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவேன். இடது கையில் ஒரு துணிப்பை, அது என் அறையின் புதுச் சட்டம். இரண்டாவது மாதம் கோடுகள் மடமடவென்று ஏறின. மூன்றாவது மாதம் நெஞ்சு மட்டத்தில் வந்து நின்றவை, மூன்று வாரம் அங்கேயே ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. ப்ளேட்காரர்கள் கை நின்ற அதே இடம். அளவுகோலை மாற்றி இன்னொரு தடவை அளந்தேன். டாக்டர் தினமும் வந்து சுவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். சிவக்குமார் போனில் திருப்பூர் வீட்டுக்குக் கட்டில் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வள்ளியம்மாள் மட்டும் யாரையும் குறை சொல்லவில்லை. "சுவத்துல என்னத்துக்குங்க ஏத்தறது? சுவத்துல கொய்யா காய்க்குமுங்களா?" என்றார். அடுத்த நாள் தோப்பிலிருந்து ஒரு தொரட்டியை ஆட்டோவில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜன்னல் கம்பியில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி, அதைத் தொரட்டியால் மாட்டி இழுக்கச் சொன்னேன். அந்த வாரம் கோடு ஒரு விரல் ஏறியது. அதற்கடுத்த வாரங்களில் ஏறியதா இல்லையா என்று நான் சொல்வதைவிட, ஆறாவது மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. சிவக்குமார் கார் சாவியோடு வந்திருந்தார். பார்த்துவிட்டு நேராகத் திருப்பூர் என்று சொல்லி, அம்மாவின் துணிமணிகளை டிக்கியில் ஏற்றியும் வைத்திருந்தார். டாக்டர் இப்போதெல்லாம் உட்கார்ந்து பார்ப்பதில்லை, எழுந்து பக்கவாட்டில் வந்து நின்று பார்ப்பார். நான் சட்டப்படி வள்ளியம்மாளின் இடது கையில் எக்ஸ்ரே உறையைக் கொடுத்தேன்.

"வணக்கம் வைங்க பாப்போம்" என்றார் டாக்டர்.

"வயசுல சின்னவிங்களை நான் எதுக்குங்க கும்புடோணும்?" என்று சொல்லிக்கொண்டே வள்ளியம்மாள் அவர் முன்னால் போய் நின்று, வலது கையைத் தூக்கத் தொடங்கினார். ஆசீர்வாதம் பண்ணப்போகிறார் என்று புரிந்ததும் டாக்டர் பழக்கதோஷத்தில் பவ்யமாகத் தலையைக் குனிந்தார்.

"சார், குனியாதீங்க!" என்று கத்திவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் விறைத்து நிமிர்ந்தார். முழு ஆறடி. வள்ளியம்மாளின் கை அவருடைய சட்டைப் பையைத் தாண்டியது, கழுத்தைத் தாண்டியது, காது மட்டத்தில் வந்து நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டார். கை மறுபடி நகர்ந்தது, மேலே போய் வழுக்கைத் தலையின் நட்டநடுவில் உள்ளங்கை முழுதும் பதிய உட்கார்ந்தது.

"நூறு வருசம் நல்லா இருங்க சாமி."

டாக்டரின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. எனக்கும்தான். ஆனாலும் நான் அளவுகோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். "அம்மா, கையை எடுத்துராதீங்க, அளந்துக்கிறேன்."

"நிதானமா அளங்க டீச்சரம்மா" என்றார் வள்ளியம்மாள், கையை எடுக்காமலே. "அளந்துட்டு என்ற மகனுக்கிட்டச் சொல்லிப்போடுங்க. துணியெல்லாம் எறக்கிட்டு, காரு காலியாவே திருப்பூருக்குப் போகட்டும்."